எய்ட்ஸ் நினைவுப் போர்வை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தன்பாலீர்ப்பாளர்கள், திருநங்கைகள் உள்ளிட்ட பால்புதுமையினரின் கலை, கொண்டாட்டம் என்று பேச்சு வரும்போதெல்லாம் நான் முதலில் சொல்வது ஒரு போர்வையைப் பற்றித்தான். அமெரிக்காவில் 1987இல் தைக்கத் தொடங்கி இன்றுவரை தைத்து முடியாத போர்வை. கேட்பவர்களிடமிருந்து ஏறக்குறைய அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றையும் என் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

அது என்ன போர்வை?

ஆங்கிலத்தில் குயில்ட் என்பார்கள். துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த கனமான போர்வை. நம் வீடுகளில் பழைய பருத்திச் சேலைகளை மடித்து அடுக்கி, நூலோட்டிக் குழந்தைக்கு விரிப்பு செய்வார்களே, அதற்கு உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் போர்வையில் ஒவ்வொரு துண்டும் எய்ட்ஸ் நோயால் இறந்த ஒருவருக்காக, அவரை நேசித்தவர்கள் தைத்தது. அந்தத் துண்டைப் பேனல் என்கிறார்கள். அகலம் 3 அடி, நீளம் 6 அடி. இப்போது சுமார் 50,000 பேனல்கள் இருக்கின்றன. சில பேனல்களில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் உண்டு என்பதால், மொத்தப் பெயர்கள் 1,10,000க்கும் மேல். எடை 54 டன். வெறும் துணியை மட்டும் இடைவெளியில்லாமல் பரப்பினாலே 20 ஏக்கர் நிலம் வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தபோது நானே மறுபடி ஒருமுறை பெருக்கிச் சரிபார்த்தேன்.

உலகிலேயே மிகப் பெரிய சமூகக் கலைப்படைப்பு என்று இதைச் சொல்கிறார்கள். சமூகம் என்ற சொல் இங்கே முழுக்கப் பொருந்தும். ஒரு கலைஞர் வரைந்து கொடுக்க, மற்றவர்கள் வண்ணம் நிரப்பியது அல்ல இது. ஒவ்வொரு பேனலையும் தைத்தவர்தான் அதன் கலைஞர்.

யார் தொடங்கினார்கள்?

சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் வாழ்ந்த கிளீவ் ஜோன்ஸ் என்ற செயல்பாட்டாளர். அந்த நகரத்தின் மன்ற உறுப்பினர் ஹார்வி மில்க், தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லித் தேர்தலில் வென்றவர். அவரும் மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியும் 1978 நவம்பர் 27 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த நாளில் ஆண்டுதோறும் மெழுகுவத்தி ஏந்தி ஊர்வலம் போவது வழக்கம்.

1985ஆம் ஆண்டு ஊர்வலத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, அந்த ஒரு நகரத்தில் மட்டும் எய்ட்ஸால் இறந்தவர்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டார்கள் என்று ஜோன்ஸுக்குத் தெரிந்தது. வருகிறவர்கள் தாங்கள் இழந்தவரின் பெயரை ஓர் அட்டையில் எழுதி எடுத்துவரச் சொன்னார். ஊர்வல முடிவில் ஏணி போட்டு ஏறி, அந்த அட்டைகளை மத்திய அரசுக் கட்டடத்தின் சுவரில் ஒட்டினார்கள். தள்ளி நின்று பார்த்தபோது சுவர் ஒட்டுப்போட்ட போர்வை மாதிரி இருந்தது. இண்டியானாவில் இருந்த பாட்டியின் போர்வை அவர் நினைவுக்கு வந்தது. அந்த இரவில் பிறந்த யோசனைதான் இது.

முதல் பேனல், தன் நண்பர் மார்வின் ஃபெல்ட்மேனுக்காக ஜோன்ஸ் செய்தது. 1987 ஜூனில் சிலர் கூடி நேம்ஸ் புராஜெக்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பெயர்கள் திட்டம் என்று அர்த்தம். மார்க்கெட் தெருவில் ஒரு கடையைப் பிடித்து, தையல் மெஷின் இருந்தால் கொடுங்கள், துணி இருந்தால் கொடுங்கள் என்று கேட்டார்கள். கொடுத்தார்கள்.

பெயரை எழுதுவதில் அப்படி என்ன இருக்கிறது?

நம் ஊரில் ஒருவர் இறந்தால் மறுநாள் காலையிலேயே தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிவிடுகிறோம். படம், பெயர், தோற்றம், மறைவு, கீழே துயருறும் குடும்பத்தார் பட்டியல். போகிற வருகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று படிக்கிறார்கள். அதற்கும் முந்தைய காலத்தில் நடுகல் நட்டுப் பெயர் பொறித்தார்கள். இறந்தவருக்கு இது கூடச் செய்யாவிட்டால் எப்படி என்று நமக்குத் தோன்றும்.

எண்பதுகளின் அமெரிக்காவில் எய்ட்ஸால் இறந்த பலருக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. உடலை வாங்க மறுத்த சவ அடக்க நிலையங்கள் இருந்தன. மகனின் நோயையும் அவன் யாரோடு வாழ்ந்தான் என்பதையும் மறைத்து, அடக்கத்துக்கு அவன் துணைவரை வரவிடாத குடும்பங்கள் இருந்தன. இத்தனை வருடம் கூடவே வாழ்ந்து, கடைசி நாட்களில் வாந்தி அள்ளி, மருந்து கொடுத்து, கண் மூடும்போது கையைப் பிடித்திருந்த ஒருவருக்குச் சட்டப்படி எந்த உறவும் கிடையாது. போஸ்டரில் பெயர் போடுகிற மாதிரி யோசித்தால், துயருறுவோர் பட்டியலில் அவர் பெயரே இருக்காது.

அரசும் பேசவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் 5 இளைஞர்களுக்கு வந்த விநோத நிமோனியா பற்றி 1981 ஜூன் 5 அன்று மருத்துவ அறிக்கை வெளிவந்தது. எய்ட்ஸைப் பற்றிய முதல் பதிவு அதுதான். அதிபர் ரீகன் எய்ட்ஸைப் பற்றி முதல் பெரிய உரை நிகழ்த்தியது 1987 மே 31இல். நடுவில் கிட்டத்தட்ட 6 வருடங்கள். அதற்குள் இறந்தவர்கள் பல்லாயிரம். 1986இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தன்பால் உறவைக் குற்றமாக்கும் மாநிலச் சட்டங்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இப்படிப்பட்ட நாட்டில், அரசுக் கட்டடத்தின் சுவரிலேயே பெயர்களை ஒட்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். எத்தனை பேர் இறந்தார்கள் என்பது ஒரு செய்தி. இவர்தான் இறந்தார், இவருக்கு நான் வேண்டியவன் என்று தெருவில் நின்று சொல்வது வேறு.

ஏன் 3 அடிக்கு 6 அடி?

ஒரு ஆள் படுக்கிற இடம். ஆறடி நிலம் என்று நாம் சொல்வோமே, அதேதான். கல்லறை கிடைக்காதவருக்குத் துணியில் ஒரு கல்லறை.

8 பேனல்களைச் சேர்த்துத் தைத்தால் 12 அடிக்கு 12 அடி சதுரம் வரும். அதை பிளாக் என்கிறார்கள். ஒவ்வொரு பிளாக்குக்கும் எண் உண்டு. வெவ்வேறு ஊரில், வெவ்வேறு வாழ்க்கை வாழ்ந்தவர்கள், ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள், அங்கே பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிறார்கள்.

முதலில் எங்கே விரித்தார்கள்?

1987 அக்டோபர் 11. தலைநகர் வாஷிங்டனின் நடுவில் உள்ள நேஷனல் மால் என்ற நீண்ட புல்வெளி. தன்பாலீர்ப்பாளர் உரிமைக்கான மாபெரும் பேரணி நடந்த அதே நாள். புல் கருகிவிடும் என்று பூங்கா நிர்வாகம் தயங்கியதாம். குறிப்பிட்ட இடைவெளியில் தூக்கித் தூக்கிக் காற்றுப் படச் செய்கிறோம் என்று சொல்லி அனுமதி வாங்கிய கதையை, அப்போது நாடாளுமன்றத்துக்குப் புதிதாக வந்திருந்த நான்சி பெலோசி பல முறை சொல்லியிருக்கிறார்.

அன்று 1,920 பேனல்கள். நடுவே விட்ட நடைவழிகளையும் சேர்த்தால் ஓர் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தை விடப் பெரிய பரப்பு. விடியும் நேரத்தில் விரிக்கத் தொடங்கினார்கள். விரிப்பதற்கே ஒரு முறை உண்டு. வெள்ளை உடையில் 8 பேர், தாமரை மொட்டு போல மடித்துவைத்த பிளாக்கைச் சுற்றி நிற்பார்கள். மூலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, துணியைத் தூக்கி, மெதுவாகச் சுழன்று கீழே இறக்குவார்கள். யாரும் பேசுவதில்லை. ஒலிபெருக்கியில் பெயர்கள் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும், ஒன்றன்பின் ஒன்றாக.

அந்த வார இறுதியில் வந்து பார்த்தவர்கள் சுமார் 5 லட்சம் பேர். அடுத்த ஆண்டு 20 ஊர்களுக்குப் போர்வை பயணம் போனது. போன இடத்திலெல்லாம் ஆட்கள் புதிய பேனல்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். 1988 அக்டோபரில் வெள்ளை மாளிகைக்கு எதிரே விரித்தபோது 8,288 ஆகியிருந்தது. ஒரே வருடத்தில் நான்கு மடங்குக்கும் மேல். கண்காட்சி வளர்ந்தது என்று மகிழ முடியாத வளர்ச்சி அது.

இது துக்கம்தானே? பால்புதுமையினரின் கொண்டாட்டம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். நானும் ஆரம்பத்தில் இதைத் துக்கமாகத்தான் பார்த்தேன். பேனல்களை ஒவ்வொன்றாகத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கத் தொடங்கிய பிறகு அந்த எண்ணம் மாறியது.

அதில் என்னவெல்லாம் தைத்திருக்கிறார்கள் தெரியுமா? ஜீன்ஸ். தோல் ஜாக்கெட். கவ்பாய் பூட்ஸ். கரடிப் பொம்மை, பார்பி பொம்மை. ஜிகினா, முத்து, பளபளக்கும் கற்கள், கழுத்தில் போடும் இறகுமாலை. போட்டியில் முதல் பரிசு வாங்கிய ரிப்பன். கார் சாவி. ஷாம்பெயின் கோப்பை. இசைத்தட்டு. காதல் கடிதங்கள். கல்யாண மோதிரம். சிலவற்றில் அஸ்தியே இருக்கிறது.

இறப்பைப் பற்றிய பொருள் இதில் எத்தனை? அஸ்தியைத் தவிர ஒன்றுமில்லை. மற்றதெல்லாம் அவர் எப்படி ஆடினார், எதை உடுத்தினார், எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு வீட்டிலிருந்தவர்களைப் படுத்தினார் என்பது. அந்தக் காலத்துச் செய்தித்தாள்களில் ஒரு தன்பாலீர்ப்பாளர் வந்தால், எலும்பும் தோலுமாகப் படுக்கையில் கிடக்கும் படம்தான் வரும். போர்வையில் அந்தப் படம் இல்லை. அதில் அவர் ஜிகினாச் சட்டையோடு நிற்கிறார்.

மோதிரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தன்பால் திருமணம் அமெரிக்கா முழுவதும் செல்லும் என்று தீர்ப்பு வந்தது 2015இல்தான். அதற்குப் பல வருடம் முன்பே, எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல், மோதிரம் மாற்றிக்கொண்டு வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு இந்தத் துணிதான் பதிவேடு.

துதிபாடல் மட்டுமே என்றும் நினைத்துவிட வேண்டாம். ராய் கோன் என்ற பெயர்பெற்ற வழக்கறிஞர் 1986இல் எய்ட்ஸால் இறந்தார். ஐம்பதுகளில் கம்யூனிஸ்டுகள் என்றும் தன்பாலீர்ப்பாளர்கள் என்றும் பலரை வேட்டையாடிய கூட்டத்தில் முக்கியமானவர். தானும் அப்படித்தான் என்பதைச் சாகும்வரை மறுத்தார். அவருக்கும் ஒரு பேனல் உண்டு. பெயரோடு மூன்றே சொற்கள்: அடாவடிக்காரர், கோழை, பலியானவர். மூன்றாவது சொல்லையும் எழுத மனம் வந்த அந்தக் கையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

பெயரே இல்லாத பேனல்களும் உண்டாமே?

உண்டு. முதற்பெயர் மட்டும் போட்டவை, பெயரின் முதலெழுத்து மட்டும் போட்டவை, எதுவுமே போடாதவை. ஒருவர் தன் சகோதரனுக்குச் செய்த பேனலில், பெயரை வெளியே சொல்லப் பெற்றோருக்குச் சம்மதமில்லை, அதனால் பெயர் இல்லை என்பதையே எழுதிவைத்திருக்கிறார். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பேனல்களும் வரும். பெற்றவர்கள் ஒன்று தைத்திருப்பார்கள், நண்பர்கள் ஒன்று. யாருடையதையும் திருப்பி அனுப்புவதில்லை.

தன்பாலீர்ப்பு ஆண்களுக்கு மட்டும்தானா?

இல்லை. தொடங்கியதும் தோள்கொடுத்ததும் பெரும்பாலும் பால்புதுமையினர்தான். ஆனால் எய்ட்ஸால் இறந்த யாருக்கும் இடம் உண்டு. ரத்தம் உறையாமை நோய்க்கான சிகிச்சையில் கிருமி தொற்றி, பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுக்கப்பட்ட சிறுவன் ரையன் வைட்டுக்குப் பேனல் இருக்கிறது. பாடகர் ஃபிரெடி மெர்குரிக்கும், நடிகர் ராக் ஹட்சனுக்கும், சிந்தனையாளர் மிஷெல் ஃபூக்கோவுக்கும் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், ஊசிவழி போதைப் பழக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நோய் கறுப்பின மக்களைத் தாக்கிய அளவுக்கு அவர்களின் பெயர்கள் போர்வையில் ஏறவில்லை. தைக்க நேரம், பணம், வெளியே சொல்லும் துணிவு எல்லாம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வாய்ப்பதில்லையே. அதைச் சரிசெய்யத்தான் ‘என் பெயரைச் சொல்’ என்ற பொருள்படும் பெயரில் தனித் திட்டம் தொடங்கி, தேவாலயங்களிலும் சமூகக் கூடங்களிலும் தையல் பட்டறை நடத்துகிறார்கள்.

பால்புதுமையினர் எல்லோருமே இதை ஏற்றுக்கொண்டார்களா?

ஏற்கவில்லை. தைத்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தால் மருந்து எப்படி வரும் என்று கேட்டவர்கள் நிறையப் பேர். 1992 அக்டோபரில் போர்வை வாஷிங்டனில் விரிந்திருந்த அதே வார இறுதியில், எய்ட்ஸுக்கு மருந்து கேட்டுப் போராடிய ஆக்ட் அப் இயக்கத்தினர் தங்கள் அன்புக்குரியவர்களின் அஸ்தியைக் கையில் ஏந்தி ஊர்வலமாகப் போய், வேலிக்கு மேலாக வெள்ளை மாளிகைப் புல்வெளியில் கொட்டினார்கள்.

எந்தப் பக்கம் சரி என்று கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே துயரத்தின் இரண்டு கைகள். அஸ்தியைக் கொட்டியவர்கள் மருந்து நிறுவனங்களையும் அரசையும் அசைத்தார்கள். போர்வை, பேரணிக்கு ஒருநாளும் வராத அம்மாக்களையும் பாட்டிகளையும் அழைத்துவந்தது. ஊசி நூல் என்றால் அவர்களுக்குப் பயமில்லை.

முழுப் போர்வையையும் ஒரே இடத்தில் பார்க்க முடியுமா?

முடியாது. கடைசியாக முழுதும் விரித்தது 1996 அக்டோபரில். நேஷனல் மால் முழுக்க நிரம்பியது. சுமார் 40,000 பேனல்கள். பதவியில் இருந்த அதிபர் ஒருவர் வந்து பார்த்ததும் அப்போதுதான் முதல் முறை, பில் கிளிண்டன். கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து சாவுகள் குறையத் தொடங்கியதும் அதே 1996தான்.

அதற்குப் பிறகு பகுதி பகுதியாகத்தான். 2022 ஜூனில் சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் சுமார் 3,000 பேனல்களை விரித்தார்கள். 2024 டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினத்தன்று, வெள்ளை மாளிகையின் தெற்குப் புல்வெளியிலேயே சில பகுதிகளை வைத்தார்கள். வேலிக்கு வெளியே இருந்தது உள்ளே போக இத்தனை வருடம்.

இவ்வளவு துணியை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

2001இலிருந்து அட்லாண்டாவில் இருந்தது. இப்போது மறுபடி சான் ஃபிரான்சிஸ்கோவில், தேசிய எய்ட்ஸ் நினைவகத்தின் பொறுப்பில் இருக்கிறது. பேனல்களோடு வந்த கடிதங்களும் படங்களும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போயின.

கெர்ட் மெக்மல்லின் என்ற பெண்மணியைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. இறந்த நண்பர்களுக்காகப் பேனல் தைத்துக்கொண்டு 1987இல் அந்த மார்க்கெட் தெருக் கடைக்கு வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். போர்வை அட்லாண்டா போனபோது கூடப் போனார். திரும்பியபோது கூடத் திரும்பினார். கிழிந்ததைத் தைப்பது, பிரிந்த ஓரத்தை அடிப்பது, உதிர்ந்த பொத்தானைத் திரும்ப வைப்பது என்று பல பத்தாண்டுகள். 2020இல் கொரோனா வந்து எல்லாம் மூடிக் கிடந்தபோது, மிச்சமிருந்த துணியில் முகக்கவசம் தைத்துக் கொடுத்தார்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான், 1986இல். டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்து எடுத்துப்போய் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்தார். அந்த முதல் மாதிரிகள் பாலியல் தொழிலில் இருந்த பெண்களுடையவை. அவர்கள் பெயர் எங்கும் இல்லை. இருக்கவும் முடியாது, அன்றைய நிலையில் பெயர் வெளியே வந்திருந்தால் அவர்களை வாழவிட்டிருக்க மாட்டார்கள். அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். தொடக்கத்தில் கொடுத்த மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. அதற்கு முந்தைய பதினெட்டு வருடங்களில் நம்மிடையே போனவர்களில் திருநங்கைகள் எத்தனை பேர், தன்பாலீர்ப்பாளர்கள் எத்தனை பேர்! வீட்டில் வேறு நோய் சொல்லி முடித்துவிட்டார்கள்.

2018 செப்டம்பர் 6 அன்று, தன்பால் உறவு குற்றமல்ல என்று 377ஆம் பிரிவைப் பற்றிய தீர்ப்பு வந்தது. சென்னையில் வானவில் சுயமரியாதைப் பேரணி 2009இலிருந்து நடக்கிறது. இன்று தன் பெயரோடு தெருவில் நடக்க ஒருவருக்கு முடிகிறது. நடக்க முடியாமல் போனவர்களின் பெயர்கள், அவர்களோடு வாழ்ந்தவர்களின் நினைவில் மட்டும் இருக்கின்றன. அந்த நினைவு வைத்திருப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது.

பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

காட்டலாம். கரடிப் பொம்மையை முதலில் கவனிப்பார்கள். அப்புறம் அது யாருடையது என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள்.

இங்கிருந்தே பார்க்க வழி உண்டா? புதிதாக ஒன்று செய்து அனுப்பலாமா?

தேசிய எய்ட்ஸ் நினைவகத்தின் இணையதளத்தில் போர்வை முழுவதும் படமாக இருக்கிறது. பெயரைக் கொடுத்தோ பிளாக் எண்ணைக் கொடுத்தோ தேடலாம். நான் பார்த்ததெல்லாம் அப்படித்தான். அவசரப்படாமல் பாருங்கள்; ஒரு உட்காரலில் மூன்று நான்கு பிளாக் போதும்.

அனுப்பவும் செய்யலாம், இப்போதும் வாங்கிக்கொள்கிறார்கள். எந்த நாட்டிலிருந்தும் வரலாம். 1992இலேயே 28 நாடுகளின் பேனல்கள் அதில் இருந்தன. இழுத்தால் நீளாத, ஓரளவு கெட்டியான பருத்தித் துணியாகப் பாருங்கள். முடிந்த அளவு 3 அடிக்கு 6 அடி இருக்க வேண்டும். ஓரம் மடித்துத் தைக்கச் சுற்றிலும் இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். தையல் தெரியாவிட்டால் பெயிண்டால் எழுதலாம், ஆனால் மடித்து மடித்துப் பிரிப்பார்கள் என்பதால் கனமாகப் பூசினால் வெடிக்கும். பசையை நம்ப வேண்டாம், உதிர்ந்துவிடும். நாலு தையல் போட்டுவிடுங்கள். கூடவே ஒரு கடிதம் வையுங்கள். அவர் யார், நீங்கள் அவருக்கு யார் என்று அதில் எழுதுங்கள்.